எட்டுப் பேரும் ஒன்றாகச் சொன்ன குட் மார்னிங்

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி திலகவதி சொன்னது. அவள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு வேலைக்குப் போகிற அளவுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுத்தருகிறவள். நான் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறவன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவன். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கை பரபரத்தது. சோப்பு நுரையோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: 'நெய்வேலியின் வானில் புகைபோக்கிகள் தங்கள் சோகத்தை—'

அடித்துவிட்டேன். புகைபோக்கிக்கு என்ன சோகம்? எங்கள் பிளாக்கில் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இரண்டாவது: 'பொற்கொடி ஓர் ஏழைப் பெண்—'

இதையும் அடித்தேன். பொற்கொடி படித்தால் சண்டைக்கு வருவாள். அவளுக்கான வரி இப்படி இருக்கட்டும்: பொற்கொடி, ஊர் வடக்குத்து, எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம், வகுப்பில் சரியான முந்திரிக்கொட்டை.

2

இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, பெர்மனென்டா கான்ட்ராக்டா என்பதுதான். பெண் பார்க்க வந்தாலும் அதுதான், வீடு வாடகைக்குக் கேட்டாலும் அதுதான். பொற்கொடியின் அப்பா கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். அவள் பிறந்தபோதும் கான்ட்ராக்ட், அவள் கல்லூரியில் சேர்ந்தபோதும் கான்ட்ராக்ட்.

"எங்க வூட்ல மொத பெர்மனென்ட் நான்தாங்க மேடம்," என்று திலகவதியிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அதற்கு வழியாக, 2014இல் ஒரு சென்னைக் கம்பெனி கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தது. அந்தக் கல்லூரிக்குக் கம்பெனி வருவதே அபூர்வம். முதல் சுற்று குழு விவாதம். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, கொடுத்த தலைப்பில் இங்கிலீஷில் பேச வேண்டும். முதலில் வாய் திறக்கிறவருக்கே மதிப்பு என்று திலகவதி சொல்லிக்கொடுத்திருந்தாள். 'குட் மார்னிங் ஃப்ரெண்ட்ஸ்' என்று ஆரம்பிக்க வேண்டும். இரண்டு பேர் மோதிக்கொண்டால் சிரித்தபடி 'ப்ளீஸ், யூ கோ அஹெட்' என்று விட்டுக்கொடுக்க வேண்டும். இதை எல்லோருக்கும் உருப்போட வைத்திருந்தாள்.

[இங்கே இங்கிலீஷ் கற்பித்தலைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. திலகவதி படித்துவிட்டு, "இது கதையா, செமினார் பேப்பரா?" என்றாள். ஒரு வரியை மட்டும் காப்பாற்றியிருக்கிறேன்: எல்லோருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், அதை எடுத்துவிட இரண்டு நிமிஷம் கிடைப்பதுதான் பெரும்பாடு.]

3

கம்பெனி அதிகாரி சோமசுந்தரம் தலைப்பைச் சொன்னார். கிராம வாழ்க்கை சிறந்ததா, நகர வாழ்க்கை சிறந்ததா? "யூ மே ஸ்டார்ட்."

எட்டு வாய்களும் ஒன்றாகத் திறந்தன. "குட் மார்னிங் ஃப்ரெண்ட்ஸ்!"

எட்டுப் பேரும் நிறுத்தினார்கள். எட்டுப் பேரும் சிரித்தார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து, "ப்ளீஸ், யூ கோ அஹெட்!"

யாரும் ஆரம்பிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எட்டு குட் மார்னிங். ஜன்னலுக்கு வெளியே நின்ற திலகவதி தலையில் கைவைத்துக்கொண்டாள். சோமசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஸ்டாப்!" என்றாள் பொற்கொடி. "எல்லாரும் ஒண்ணா பேசிக்கினு இருந்தா சார் எதைத்தான் கேப்பாரு? சுதாகர், யூ ஃபர்ஸ்ட். நெக்ஸ்ட் தமிழ்நிலா." விரலை நீட்டி ஒவ்வொருவராக வரிசை சொன்னாள். "எவ்ரிபடி டூ மினிட்ஸ். ஐ ஆம் லாஸ்ட்."

பேசினார்கள். சுதாகர் இழுத்துக்கொண்டே போனபோது மேசையைத் தட்டி நிறுத்தினாள். தமிழ்நிலா பாதியில் திணறியபோது, "யுவர் வில்லேஜ், ஹாஸ்பிடல் இருக்கா?" என்று ஒரு கேள்வியைப் போட்டாள். தமிழ்நிலா அதைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேசினாள்.

4

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. முந்திரிக்கொட்டை எப்படிக் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கும்? நான்தான் ஊதிப் பெரிதாக்குகிறேனோ?

திலகவதி சிரித்தாள். "அவ வர்ற ஷேர் ஆட்டோவ நீங்க பாத்ததில்ல. கடைசியா எறங்கறவங்கதான் மொதல்ல ஏறணும். இல்லன்னா ஒவ்வொரு ஸ்டாப்லயும் எல்லாரும் எறங்கி ஏறணும். தெனம் அவதான் ஆளுங்கள வரிசையா ஏத்திட்டு, கடைசியா ஏறுவா. அவ சொல்லாம டிரைவர் வண்டிய எடுக்கமாட்டார்."

எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. உங்களுக்கும் தீர்ந்திருக்கும்.

5

முடிவு ஒன்று: பொற்கொடிக்கு வேலை கிடைக்கிறது. எழுதிப் பார்த்தேன், ஒரே லட்டு மயம்.

முடிவு இரண்டு: கிடைக்கவில்லை. 'அவள் கண்களில் ஈரம்—' என்பதோடு நிறுத்திவிட்டேன். அவள் அழுததாகத் திலகவதி சொல்லவே இல்லை.

நடந்தது இதுதான். ஏழாவது ஆள் பேசி முடித்ததும் சோமசுந்தரம் "டைம் ஓவர்" என்று பேனாவை மூடினார். தலைப்பைப் பற்றிப் பேசினால்தான் மதிப்பெண். பொற்கொடி அதைப் பற்றிப் பேசவே இல்லை. மற்ற ஏழு பேரும் எழுந்து கதவு வரை போய்விட்டார்கள். அவள் எழவில்லை.

"சார், மை டர்ன்."

"டைம் ஓவர்மா. அடுத்த குழு வெயிட் பண்றாங்க."

"தெரியுதுங்க சார். டூ மினிட்ஸ்தான்."

கதவருகே நின்ற ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு திரும்பி வந்து, அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் அதே வேலைக்கு வந்தவர்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். சோமசுந்தரத்தை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். மூடிய பேனா உங்கள் கையில் இருக்கிறது. திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் சீக்கிரம் முடிவெடுங்கள். உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.