லைல் நின்ற மேடை

விடியுமுன்பே முதல் மாடு தலைக்கு மேல் ஓடும் சங்கிலியில் ஏறிவிட்டது. ரத்த வாடையும் கொதிநீர் ஆவியும் வெட்டுக்கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. கத்தியைத் தீட்டியபடி வெர்னா எதிர் மேடையைப் பார்த்தாள். தோல் உரிக்கும் அவள் தம்பி லைல் நிற்கும் இடம் அது. இன்று காலி. சனிக்கிழமை பார் வாசலில் மூன்று வெள்ளைக்காரப் பையன்கள் “கறுப்பு நாயே” என்று கத்திக்கொண்டே அவனை வண்டியால் மோதிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் அவன் இன்னும் கண் திறக்கவில்லை. சாட்சி சொல்ல யாரும் முன்வராததால் போலீஸ் அதை விபத்தாக்கப் பார்த்தது.

வெர்னாவின் இனத்தவரான பூர்வகுடிக் குடும்பங்கள் அவள் வீட்டில் கூடிக் குமுறின. வெள்ளைக்காரர்களோ, குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்றார்கள். ஒரே சங்கிலியில் மாரடிக்கிறவர்கள்தான், சோற்றுக்கு மட்டும் தனித்தனி மேசை. இந்த லட்சணத்தில் நியாயம் எங்கிருந்து வரும்?

மேலாளர் கிராண்ட் வந்தான். “நோயல், லைல் எடத்துல நீ ஏறு. கூலியும் கூட.”

வெர்னாவுக்குப் பக்கத்தில் பல வருஷமாக வெட்டுகிற வெள்ளைக்காரன் நோயல். அவன் அசையவில்லை.

“சனிக்கிழம நீயும் பார்லதானே இருந்தே?” என்றாள் வெர்னா.

“பாத்தேன். நீ வந்து கேக்கவே இல்லையே.”

“உன் கால்ல விழுந்தாத்தான் வாய் தெறக்குமா?”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குச் சுட்டது. தன் ஆட்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டியவள், இவன் கதவை நினைக்கக்கூட இல்லை. அதற்காக அவன் வாய்மூடி இருந்ததை அவளால் மன்னிக்கவும் முடியவில்லை.

“ஊர்க்கதைய வெளிய வச்சுக்குங்க,” என்றான் கிராண்ட். “ஏறுறியா, வீட்டுக்குப் போறியா?”

நோயல் கத்தியைக் கீழே வைத்தான். “வண்டி தாண்டிப் போயிருச்சு. அப்புறம் திரும்பி வந்து இடிச்சுது. போலீஸ்ல சொல்லப்போறேன். லைல் வர்றவரைக்கும் அந்த மேடையில நான் ஏற மாட்டேன்.”

“கிறுக்கா உனக்கு?” என்றது பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் குரல். “அவனுங்க நம்ம பசங்கடா.”

“லைல் யாரு? நம்ம கூடத்தானே வெட்டுறான்?”

கிராண்ட், டோங்கா தீவுக்காரன் டெவிட்டாவைக் கைகாட்டினான். விசா கம்பெனி கையில் இருக்கிற ஆள். டெவிட்டா பின்னால் நகர்ந்தான். அடுத்தவளும் நகர்ந்தாள். தோல் உரிக்காத மாடுகள் காலி மேடையைக் கடந்து போய், சங்கிலியின் கோடியில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கிராண்ட் திட்டிக்கொண்டே சங்கிலியை நிறுத்தினான்.

வெர்னா நன்றி சொல்லவில்லை. “கத்தியக் கழுவிட்டு வா. ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன்,” என்றாள்.

நோயல் குழாயைத் திறந்தான். அவளுக்குப் பின்னால் இன்னொரு குழாய் திறந்தது. பிறகு இன்னொன்று. யார் யார் என்று திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. தண்ணீர்ச் சத்தம் கூடிக்கொண்டே போனது.