பங்கருக்குள் அடித்த காற்று

ஏரம்புவுக்குத் தலையிடித்தது. நெற்றியில் வருகிற தலையிடி இல்லை, பிடரிக்குள் ஆப்பு இறுக்கினது போன்ற ஒன்று. முதல் தடவை சுழியோடிவிட்டு வள்ளத்தில் ஏறியவன், முதுகுச் சிலிண்டரைக் கழற்ற முதலே விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தியெடுத்தான். காலையில் குடித்த வெறுந்தேத்தண்ணி அப்படியே வந்தது. கையும் காலும் தன்னுடையவை இல்லைப் போல விழுந்து கிடந்தன.

"உனக்கு வயசு போட்டுது மச்சான்," என்றான் கதிரவேலு. "இனிக் கரையிலை இருந்து வலை பொத்து."

கதிரவேலு, ஏரம்புவின் தங்கை பூரணத்தின் புருசன். இரண்டு பேரும் முத்துக்குமாரு சம்மாட்டியின் வள்ளத்தில் கடலட்டையும் சங்கும் எடுக்கிறவர்கள். நேவிக்குப் பயந்து ஆழக்கடலைக் கைவிட்ட நாளிலிருந்து கரையோரப் பார்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. மூன்று பாகத் தண்ணி, மூன்று ஆள் உயரம். மேலே நின்று குனிந்தால் பாரின் முருகைக்கல்லும் அதில் மேய்கிற மீனும் தெரியும். அந்த இடத்தில் ஒருவன் சாவான் என்று சொன்னால் சின்னப்பிள்ளையும் சிரிக்கும்.

சிலிண்டருக்குக் காற்றடிக்கிற மெசின் சம்மாட்டியுடையது. பெற்றோல் வராத ஊரில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் பீச்சி உயிர் கொடுத்தால், பிறகு மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு கரும்புகை கக்கும். கன காலமாகப் பூவரச மரத்துக்குக் கீழே, கடற்காற்றுக்குத்தான் அது நின்றது. போன கிழமை ஹெலி ஒன்று தாழப் பறந்து கரையில் சுட்டுவிட்டுப் போனது. அந்தப் புகையைக் கண்டுதான் சுட்டவன் என்று ஊர் சம்மாட்டியின் படலையில் வந்து நின்று ஏசியது. அவர் மெசினைத் தூக்கிப் பங்கருக்குள் வைப்பித்தார். குண்டுக்குப் பதுங்க வெட்டி, பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி மூடின குழி அது. சத்தமும் வெளியே வரவில்லை, புகையும் வெளியே வரவில்லை. சனம் நிம்மதியாகப் படுத்தது.

கடல் அடித்துக்கொண்டிருந்ததால் அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் அவர்கள் இறங்கினார்கள். காலையில் சிலிண்டரின் வாயைத் திறந்து மணந்து பார்த்த ஏரம்பு, மண்ணெண்ணெய்ப் புகை அடிக்கிறது என்று சம்மாட்டியிடம் சொன்னான்.

"இப்ப சோறும் மண்ணெண்ணெய்தான் மணக்குது," என்றார் அவர். "அதுக்காகத் தின்னாமல் விட்டனியோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். ஏரம்புவும் சிரித்தான்.

ஒருவன் கீழே போனால் மற்றவன் வள்ளத்தில் இருந்து குமிழி பார்ப்பது அவர்களின் வழக்கம். அன்றைக்கு இறங்குவது இரண்டு தடவையும் ஏரம்புவின் முறைதான். அவன் எழும்ப மாட்டாமல் கிடந்ததால் கதிரவேலு மற்றச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினான். அந்தச் சிலிண்டருக்கும் பங்கருக்குள்தான் காற்றடித்தது.

குமிழி கொஞ்ச நேரம் பார் நெடுகப் போனது. பிறகு ஒரே இடத்தில் நின்று வந்தது. ஏரம்புவுக்குச் சந்தோஷம். குமிழி ஓரிடத்தில் நின்றால் ஆள் அட்டைக் கும்பலில் கைவைத்துவிட்டான் என்றுதான் சுழியோடிகள் எடுப்பார்கள். வலிக்கிற தலையைப் பிடித்தபடி, நல்லாய் அள்ளட்டும் என்று விட்டுவிட்டான். பார்த்துக்கொண்டிருக்க, குமிழி திடீரென்று பானை கொதிக்கிற மாதிரிப் பொங்கியது.

சிலிண்டர் இல்லாமலே குதித்தான். கதிரவேலு மணலில் மல்லாந்து கிடந்தான். வாயிலிருந்து குழாய் கழன்று, காற்று சும்மா போய்க்கொண்டிருந்தது. வள்ளத்தில் இழுத்துப் போட்டபோது முகம் நீலம் பாயவில்லை, வெயிலில் நின்று வேலை செய்தவன் போலச் சிவந்திருந்தது. அதைக் கண்டு உயிர் இருக்கிறது என்று ஏரம்பு நம்பினான். குளிருக்கு நெஞ்சில் பூச எப்போதும் வள்ளத்தில் ஒரு போத்தல் சாராயம் கிடக்கும். அதை எடுத்து நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தேய்த்தான். பல்லை நெம்பி வாய்க்குள்ளும் வார்த்தான். கதிரவேலு எழும்பவில்லை.

கரையில் கூடின சனத்துக்கு முதலில் பட்டது அந்தச் சாராய மணம். குடித்துவிட்டு இறங்கியிருக்கிறான் என்று ஒருவன் சொன்னான். சம்மாட்டி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. செத்த வீட்டுக்கு வந்த பிறகுதான், குடிச்சுப்போட்டு இறங்காதை என்று தான் எத்தனை தரம் சொன்னது என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அந்தக் கதை பூரணத்தைப் பிடித்தது. போன வருசம் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று கதிரவேலு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினவன். அன்றிலிருந்து தொடவுமில்லை. இப்போது சத்தியத்தை முறித்தவனைச் சந்நிதியான் எடுத்துவிட்டான், அடுத்தது பிள்ளைதான் என்று பூரணம் முடிவு கட்டிவிட்டாள். புருசனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவனுடைய சாரங்களை அடுப்பில் போட்டாள். வெள்ளிக்கிழமைகளில் கோயில் வீதிச் சுடுமணலில் விழுந்து விழுந்து எழும்பி அடியழித்தாள். முழங்கால் தோல் உரிந்து சீழ் வைத்தது.

ஏரம்பு உள்ளதைச் சொன்னான். சாராயம் வார்த்தது தன் கை என்றும், கொன்றது பங்கருக்குள் அடைபட்ட புகையோடு அடித்த காற்று என்றும் சொன்னான். அவள் முழங்காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே கேட்டாள்.

"என்ரை மனம் ஆறச் சொல்லுறாய் அண்ணை. நீயும் குடிக்கிறனிதானே? காத்துப் பிழையெண்டால் மெசின்காரன் சொல்லட்டும்."

மெசின்காரனுக்குத் தெரியாமல் இல்லை. செத்த வீட்டுக்கு மறுநாளே மெசின் பூவரசுக்குக் கீழே வந்துவிட்டது. பங்கருக்குள் தண்ணி ஊறுகிறது என்றார் சம்மாட்டி. அந்த மாரி முழுக்க அந்தப் பங்கருக்குள் ஒரு பொட்டு ஊறாததை ஊர் அறியும். ஹெலியை நினைத்து இந்த முறை ஒருவரும் ஏசவுமில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாள் ஏரம்பு சம்மாட்டியின் கடற்கரை வாடிக்குப் போனான். அவர் அட்டை அவிக்கிற கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சியிட்டை வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அவள் காலைச் சுடுமணலுக்குத் தின்னக் குடுத்துக்கொண்டிருக்கிறாள்."

"என்னெண்டு சொல்லச் சொல்லுறாய்?"

"அவன் குடிக்கேல்லையெண்டு."

சம்மாட்டி அகப்பையால் கிடாரத்தைக் கிண்டினார். "சொன்னால் நாளைக்கு ஆரடா என்ரை சிலிண்டரைக் கட்டுவான்? நீ கட்டுவியோ?"

வேறு சிலிண்டர் அந்தக் கரையில் இல்லை. தன் வீட்டையும் பூரணத்தின் வீட்டையும் சேர்த்து ஆறு வாய்கள் அதில்தான் தொங்கின.

"கட்டுவாய்," என்றார் சம்மாட்டி. "எனக்குத் தெரியும். ஆனால் மற்றவங்கள் கட்டாங்கள். சீசன் முடியட்டும், பாப்பம்."

மறுநாள் அரை மூட்டை அரிசியும் ஒரு கான் மண்ணெண்ணெயும் அனுப்பினார். சம்மாட்டியின் மனம் பெரியது என்று வந்த சனம் கதைத்தது. பூரணம் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். வெள்ளிக்கிழமை திரும்பவும் கோயிலுக்குப் போனாள். ஏரம்பு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அதே பாரில் இறங்கினான்.

சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் முடிந்தது. அரிசி வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, தீபாவளிக்குப் பிள்ளைக்குச் சட்டைத்துணியும் வந்தது. முத்துக்குமாரு சம்மாட்டி பூரணத்துக்குக் கொடுக்க வேண்டியது இவை ஒன்றும் இல்லை. உன்ரை மனுசன் குடிக்கேல்லை என்ற ஒரு சொல். அது இன்னும் பாக்கி.