கண்டம் வாங்கும் மீன்

கோதண்டத்துக்கு மீன் என்றால் பைத்தியம். அழகுக்கு வளர்க்கிற தங்கமீன் எல்லாம் அவன் கணக்கில் மீனே இல்லை, அதெல்லாம் தீனி. சென்னீர்குப்பத்தில் இருந்த சின்ன வீட்டின் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு அரோவானா மீன். உயிரோடு போட்டால்தான் தின்னும். கரப்பான்பூச்சியைத் தண்ணீருக்கு மேலே காட்டினால் எகிறிப் பிடிக்கும். அதைப் பார்க்கவே, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் பவ்யா சாயங்காலம் ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

மனைவி விஜிக்கு அந்த நாற்றமே ஆகாது. ஆனாலும் தொட்டியைத் தூக்கி எறியாமல் இருந்தாள் என்றால், அது குமணன்சாவடியில் மீன் விற்ற யூசுப் சொன்ன வார்த்தையால்தான். "ஊட்டுக்கு இன்னா கண்டம் வந்தாலும் இது வாங்கிக்கினு செத்துடும் அண்ணாத்தே. இது கீற ஊட்ல ஒரு உசுரும் போவாது." விற்கிறவன் வாய் என்னதான் சொல்லாது! அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாமிக்குக் காட்டின கற்பூரத்தைத் தொட்டிக்கும் காட்டுவாள்.

மழைக்குப் பிறகு பவ்யாவுக்கு அனல் காய்ச்சல். பூந்தமல்லியில் பார்த்த டாக்டர், டெங்குவாக இருக்கலாம், காய்ச்சல் விட்டாலும் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். விஜி கொசுவுக்குப் பயந்து வீடு முழுக்க மருந்து அடித்தாள். பிள்ளையை விட்டுவிட்டுத் தீனி வாங்கப் போகக் கோதண்டத்துக்கு மனசு வரவில்லை. மீனோ பசியில் கண்ணாடியை முட்டியது. சமையலறை மூலையில் கரப்பான்கள் மல்லாந்து கால் உதைத்துக்கொண்டிருந்தன. ஓடிப் பிடிக்கிற வேலை மிச்சம் என்று பொறுக்கி உள்ளே போட்டான். அவ்வளவுதான் அவன் புத்தி போன போக்கு.

மறுநாள் காலையில் மீன் செத்து மிதந்தது. பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது, மருந்து. ஐயோ, என் கையாலேயே கொன்றேனே என்று தொட்டிக்குள் கையை விட்டான். அப்போதுதான் உள்ளேயிருந்து விஜி கத்தினாள். "யோவ், வந்து தொட்டுப் பாரு! காய்ச்ச உட்டுடுச்சுய்யா!"

பவ்யாவின் நெற்றி சில்லென்று இருந்தது. விஜி கூடத்துக்கு வந்தாள், மீனைப் பார்த்தாள். "வாங்கிக்கிச்சுய்யா! எம்பொண்ணு கண்டத்த வாங்கிக்கிச்சு!" என்று தொட்டி முன்னால் விழுந்து கும்பிட்டாள். இத்தனை நாள் செத்துக் கிடந்த விஜியின் முகத்தில் இப்போதுதான் உயிர் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வான்? சொன்னால் அவன் வண்டவாளமும் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் போனதும், ஒருவேளை அவள் சொல்வதுதான் நிஜமோ என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்தது.

"டெஸ்ட்டுக்கு இட்டுகினு போலாமா?" என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தான்.

"புள்ள கையில இன்னும் ஊசி குத்தணுமா? அதான் மீனு வாங்கிக்கிச்சே."

மீனை மஞ்சள் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். பவ்யா வயிறு வலிக்கிறது என்றாள். பட்டினி கிடந்த வயிறு, வலிக்காமல் என்ன செய்யும் என்று கஞ்சி கொடுத்தார்கள். மறுநாள் வாந்தி எடுத்தாள். கை கால் ஐஸாகிப்போன பிறகுதான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வெளியே கொண்டுவந்தபோது துணி முகம் வரை மூடியிருந்தது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து, அன்றைக்கே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் அங்கே இருந்த டாக்டர்.

விஜிக்கு அது காதில் ஏறவில்லை. கோதண்டத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "மீனு வாங்கிக்கிச்சேய்யா! அப்பறம் எப்டிய்யா எம்பொண்ணு போவும்?"

"வாங்கல விஜி. மருந்து பட்ட கரப்பானப் பொறுக்கிப் போட்டேன். அத்தத் தின்னுதான் செத்துச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவள் கை சட்டையை விட்டது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, அப்பவே புள்ளயத் தூக்கினு ஓடியாந்திருப்பேனேய்யா," என்றாள்.