டெலானிபூர் மின்சார ரயில் ஆதரவுச் சங்கம்

பன்னீர்செல்வம் தன் கல்யாணத்துக்காக ஒரே ஒரு பொய்தான் சொன்னான். அதுவும் பெண் பார்க்கப் போன இடத்தில், வாய் நிறையக் கேசரி இருந்தபோது.

பெண்ணின் அப்பா திருநாவுக்கரசு தாம்பரத்தில் மின்சார ரயில் ஓட்டுபவர். அவர் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கவில்லை, ஜாதகத்தைப் பிரிக்கவுமில்லை. "உங்க போர்ட் பிளேர்ல மின்சார ரயில் உண்டா?" என்றுதான் கேட்டார். பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய் என்றைக்காவது தீர்ந்துபோகும், அதை நம்பிய ஊர் நட்டாற்றில் நிற்கும், அப்படிப்பட்ட ஊருக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்பது அவர் கட்சி. கதவோரம் சந்திரமதியின் கண்கள் தெரிந்தன. பன்னீர்செல்வம் கேசரியை விழுங்கினான்.

"வேலை நடந்துட்டிருக்கு மாமா."

கல்யாணம் நடந்தது. போர்ட் பிளேரில், டெலானிபூர் அரசாங்கக் குடியிருப்பில் குடித்தனமும் நடந்தது. வேலைதான் நடக்கவில்லை.

எழுபத்து நான்காம் வருஷத்துத் தை மாதம். எண்ணெய் விலை எகிறி, டெலானிபூர் மேட்டில் ஏறும் பஸ்ஸையே குறைத்துவிட்ட சமயம். மாமனாரிடமிருந்து தந்தி வந்தது: ரயில் பார்க்க அடுத்த கப்பலில் வருகிறார்.

சந்திரமதி தந்தியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரயில் இல்லைன்னு தெரிஞ்சா அப்பா கையோட என்னைக் கூட்டிட்டுப் போயிடுவார்."

"நீ போயிடுவியா?"

"ரசம் ஊத்தவா?" என்றாள் அவள்.

அந்த ரசம் அவனுக்கு இறங்கவில்லை. ஆனால் யோசனை ஒன்று வந்தது. ரயில் விடத்தான் முடியாது. ரயிலுக்கு ஆதரவு திரட்டலாமே? ஆதரவு திரண்டால் வேலை நடக்கிறது என்றுதானே அர்த்தம்? செருப்பை மாட்டிக்கொண்டு ஜெய்னுதீன் பாயின் மளிகைக் கடைக்குப் போனான்.

"பாய், மின்சார ரயில் வந்தா ஆதரிப்பீங்களா?"

"வாந்தி வருமா தம்பி?"

"ரயில்ல ஏன் பாய் வாந்தி வருது?"

"அப்ப ஆதரிச்சாச்சு." பாய் உள்ளே திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார். "ஜன்னத்! நம்ம செல்வம் தம்பி ரயில் விடுறாராம். வாந்தி கிடையாதாம்!"

சேதி பக்கத்துப் பேட்டையான லம்பா லைனுக்குப் போய், குட்வில் எஸ்டேட்டையும் எட்டியது. வழியில் பார்த்தவர்களெல்லாம் அவனிடம் ஆடு ஏற்றலாமா, ஊறுகாய் ஜாடிக்குத் தனிக் கட்டணமா என்று விசாரித்தார்கள். அவனுக்குப் புரியவில்லைதான். ஆதரவு என்று வந்தபின் ஆட்டைப் பார்த்தால் ஆகுமா?

கப்பல் வந்தது. கடல் ஒத்துக்கொள்ளாமல் திருநாவுக்கரசு வேப்பிலை நிறத்தில் இறங்கினார். "ஸ்டேஷன் எங்க மாப்பிள்ளை?"

"முதல்ல ஆதரவுக் கூட்டம் மாமா."

சாயங்காலம் மைதானத்தைப் பார்த்த பன்னீர்செல்வம் திகைத்துப்போனான். கப்பல் புறப்படும் நாளில் ஜெட்டி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. படுக்கைச் சுருள், தகரப்பெட்டி, காலைக் கட்டிய கோழிகள். எல்லார் கையிலும் எலுமிச்சம்பழம். ஜன்னத் பீவி ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்திருந்தாள்.

"கூட்டத்துக்கு எதுக்கு பாய் படுக்கை?"

"முந்தி வந்தாத்தானே படுக்க பங்க் கிடைக்கும்? பிந்தினா டெக்குலதான் படுக்கணும்."

"இந்த ரயில் எங்க போகும்னு நினைச்சீங்க?"

"அரே, இதென்ன கேள்வி! மெயின்லேண்டுக்குத்தான்."

அந்தத் தீவில் படுக்கையோடு ஏறுகிற எதுவும் மெட்ராஸில்தான் போய் நின்றிருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அதற்குள் மாமனார் மைக்கைப் பிடித்துவிட்டார். "எண்ணெய் தீரும்! பஸ் நிக்கும்! லாரி நிக்கும்! அன்னிக்கும் நிக்காம ஓடப்போறது மின்சாரம் ஒண்ணுதான்..."

மைக் செத்தது. விளக்குகள் அணைந்தன.

"பிஜ்லி கயா!" என்று கூட்டம் பழக்கப்பட்ட ராகத்தில் பாடியது.

"என்ன மாப்பிள்ளை ஆச்சு?"

"பவர்ஹவுஸ்ல டீசல் தீர்ந்திருக்கும் மாமா. டீசல் கப்பல் இன்னும் வரல."

"இங்க மின்சாரமே டீசல்லயா?"

"ஆமா மாமா."

"ரயில் வேலை?"

"ஆதரவு வரைக்கும் நடந்திருக்கு மாமா."

திருநாவுக்கரசு அவனை மேலும் கீழும் பார்த்தார். "சந்திரா! பெட்டியைக் கட்டு. வந்த கப்பல்லயே கிளம்பறோம்."

பன்னீர்செல்வத்துக்குப் பழைய கேசரி தொண்டைக்கு ஏறிவந்தது போலிருந்தது. சந்திரமதி முன்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"வரும்போதே நாலு நாளும் வாந்திப்பா. அந்தக் கப்பல்ல மறுபடி கால் வைக்கமாட்டேன். ரயில் வரட்டும், அதுல வர்றேன்."

"கடல்ல ஏதுடி ரயில்?"

"வேலை நடந்துட்டிருக்கு" என்றாள் அவள், பன்னீர்செல்வம் பக்கம் திரும்பாமலே.

ஜெய்னுதீன் பாய் பெட்டி மேல் ஏறி நின்றார். "பொண்ணு சொல்றது டீக் பாத், சரியான பேச்சு. கடல் ரயிலுக்கு எத்தனை பேர் ஆதரவு?"

அரையிருட்டில் மைதானம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. பிடித்த கை உயர்ந்ததால் கோழிகளும் உயர்ந்தன.

தாம்பரத்தில் ரயில் ஐந்து நிமிஷம் பிந்தினாலே திருநாவுக்கரசுக்கு வசவு விழும். இப்படி ஏங்கி நிற்கிற ஜனத்தை அவர் கண்டதில்லை. போதாததற்கு, திரும்பிப் போகிற கப்பலில் இன்னும் நாலு நாள் வாந்தி காத்திருந்தது. மெல்லத் தன் கையையும் தூக்கினார்.

"ஆனா ஒண்ணு. முதல்ல கரண்டுக்கு வழி பண்ணணும். இங்க அருவி கிருவி உண்டா?"

"மழை உண்டு மாமா. வருஷத்துல முக்கால்வாசி. இப்ப தைல மட்டும் இல்ல."

"அது போதும். அது கொட்டற வரைக்கும் நான் இருந்து பார்க்கறேன்."

"எத்தனை மாசம் மாமா?" என்று பன்னீர்செல்வம் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. ஜன்னத் பீவி கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, இருட்டில், மைக் இல்லாமல், விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கிவிட்டார்.