ஒரு கையால் கழற்றக்கூடிய கொக்கி

1.

இந்தக் கதை ஒரு படலையால் வந்தது. என் வீட்டு வேலி வாசல் படலைச் சங்கிலிக்குக் கொக்கி ஒன்று வாங்க முள்ளியவளையில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போயிருந்தேன். நாய்ச் சங்கிலியில் இருக்குமே, பெருவிரலால் அமத்தினால் வாய் திறந்து, விட்டால் தானே மூடுகிற வில்லுக் கொக்கி, அதுதான் வேண்டும். கடைக்காரர் மயில்வாகனம் ஒன்றை எடுத்தார். எடுத்தவர் தராமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"போட்டுக்கோ?" மீன்பிடிப் படகைத்தான் கேட்டார்.

"இல்லை, படலைக்கு."

"அப்ப சரி. போட்டுக்கெண்டால் நான் இப்ப குடுக்கிறேல்லை."

அன்று அவர் அதற்குமேல் பேசவில்லை. மிச்சத்தைப் பிறகு அவரிடமும், போட்டுக்குக் கொக்கி வாங்கிப்போன ராஜினியிடமும், கொஞ்சம் அவளுடைய அண்ணனிடமும் கேட்டு எடுத்தேன். (கிடைக்காததை நானே செய்துகொண்டேன். எங்கே என்று சில இடங்களில் சொல்வேன். எல்லா இடத்திலும் சொல்லமாட்டேன்.)

2.

முதல் எழுதிய தொடக்கம்: "நாட்டின் பொருளாதாரம் சரிந்த அந்த ஆண்டில், வடபகுதி மீனவர்களின் வாழ்வாதாரமானது…" பத்திரிகைச் செய்தி. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "கடல் அன்று அமைதியாக…" எல்லாக் கடல் கதையிலும் கடல் அன்று அமைதியாகத்தான் இருக்கிறது. வசனத்தை முடிக்கவே மனம் வரவில்லை.

மூன்றாவதில் ராஜினியைத் தையல் மெசினுக்கு முன்னால் இருத்தினேன். அது நின்றது.

3.

ராஜினி போட்டுக்கு ஒரு பாய் தைத்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் இல்லாமல் முல்லைத்தீவுக் கரையில் போட்டுகளெல்லாம் மணலில் ஏறிக் கிடந்த காலம். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவளுடைய அண்ணன் தயாபரன் தன் போட்டில் பாய்மரம் நாட்டலாம் என்று முடிவெடுத்திருந்தான். அவனோடு தொழிலுக்குப் போகிறவன் ராஜினியின் கணவன் கிருசாந்தன். யுத்தம் முடிந்து இருந்த முகாமில் கூரையாக இருந்த வெள்ளைத் தறப்பாள்கள் இரண்டு வீட்டில் மடித்துக் கிடந்தன. அவற்றை வெட்டிப் பொருத்தி, நைலோன் நூலால் இரட்டைத் தையல் போட்டாள். நல்ல பாய். அது கடைசிவரை கிழியவில்லை.

மரத்துக்கு அலுமினியக் குழாய். அது சாயாமல் இருக்க உச்சியிலிருந்து மூன்று கம்பிக்கயிறுகள்: ஒன்று முன்னுக்கு, மற்றவை இரண்டு பக்கமும். வலை வளைக்கும்போதும் கரைக்கு ஏற்றும்போதும் மரத்தைப் படுக்கவைக்க வேண்டும். அதனால் கம்பிகள் போட்டைத் தொடுகிற இடத்தில், நாளுக்குப் பல தடவை பூட்டவும் கழற்றவும் ஏதாவது வேண்டும்.

தயாபரன் முதலில் சக்கிள் போட்டான். லாடம்போல வளைந்த இரும்பு, வாயின் குறுக்கே ஒரு திருகாணி, ஆணி கழலாமல் அதன் துளையில் ஒரு சின்னக் கம்பி. போட்டால் அசையாது. ஆனால் பூட்ட இரண்டு கைகளும் பத்து விரல்களும் வேண்டும். கிருசாந்தனின் வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலின் பாதியும்தான் இருந்தன. மற்றவை இரண்டாயிரத்து ஒன்பதில் போயின.

(அந்தக் கையை நான் உண்டாக்கவில்லை. உண்டாக்கியிருந்தால், கதைக்கு வசதியாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துதான் ராஜினியிடம் படம் கேட்டேன். காட்டினாள். கலியாணப் படத்தில்கூட அந்தக் கை மாலைக்குப் பின்னால் இருந்தது.)

வெள்ளோட்டத்தன்று கரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, திருகாணி அவன் கையிலிருந்து மணலில் விழுந்தது. எடுத்தான். திரும்ப விழுந்தது. தயாபரன் வந்து அதை வாங்கிப் பூட்டிவிட்டுப் போனான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றாள் ராஜினி.

பின்னேரம் கிருசாந்தன் சாப்பிடவில்லை.

"உன்ர கொண்ணைக்கு நான் தேவையில்லை. வலைக்கூடை மாதிரி என்னை ஏத்தி இறக்கவேணும்."

"அப்பிடி அண்ணை சொன்னவரே?"

"சொல்லவேணுமே?"

4.

அடுத்த நாள் அவள் மயில்வாகனத்தின் கடைக்குப் போனாள். (இந்த உரையாடலை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயின. கதை எழுதுகிறவருக்கு இப்படி நடப்பது குறைவு.)

"ஒரு கையால கழட்டிப் பூட்டக்கூடியதா ஏதும் இருக்கோ?"

அவர் வில்லுக் கொக்கியை எடுத்து வைத்தார். எதற்கென்று கேட்டார். அவள் சொன்னதும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"உது போட்டுக்குச் சரிவராது, பிள்ளை. காத்து ஒரு பக்கத்தால அடிக்கேக்குள்ள மற்றப் பக்கக் கம்பி தொய்யும். தொய்ஞ்சு ஆடினால் வளையத்தோட முறுகி, தானாத் திறக்கும். சக்கிள்தான் போடவேணும்."

"அவரால அது ஏலாது."

"திறவாமல் பூட்டு வைச்ச கொக்கியும் இருக்கு. இப்ப கொழும்பிலயிருந்து சாமான் வாறேல்லை."

அவள் போகாமல் நின்றாள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"பூட்டினாப் பிறகு கொக்கியின்ர வாயை நூலால சுத்திக் கட்டவேணும். ஒவ்வொருக்காலும். கட்டாமல் கடலுக்கு விடாதேங்கோ."

அவள் கொக்கிகளை வாங்கினாள். கிருசாந்தன் ஒன்றைக் கையில் எடுத்து, இருந்த விரலால் அமத்தித் திறந்தான், மூடினான், திறந்தான். அன்றிரவு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

விடியப்புறம் கரைக்குப் போய் நூல் கட்டுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். பாய் தைத்த அதே நைலோன் நூல். கடலில் வைத்து அவிழ்க்க ஒரு பிளேட்டும், திரும்ப மரம் நாட்டினால் தயாபரன் கட்டுவதற்குத் துண்டு நூலும் கொடுத்துவிடுவாள். சில கிழமைகள் அப்படிப் போயின. மீன் பட்டது. மற்றவர்களும் வந்து பாய்மரத்தை அளந்து பார்த்தார்கள்.

பிறகு யாரோ கரையில் ஒரு கதை சொன்னார்கள். கிருசாந்தனுக்குப் பெண்சாதி வந்து காலில் சப்பாத்து நூல் கட்டிவிட்டால்தான் பள்ளிக்கூடம் போவான் என்று. எல்லோரும் சிரித்தார்கள். தயாபரனும் சிரித்தான்.

"நாளைக்கு நீ வரவேண்டாம்," என்றான் கிருசாந்தன்.

"அப்ப நூல்?"

"நான் பாக்கிறன். வரவேண்டாமெண்டால் வரவேண்டாம்."

அவள் போகவில்லை.

5.

இந்தப் பகுதியைச் சின்னதாக எழுதுகிறேன். அன்று கரைக்குத் திரும்பும் வழியில், காற்றை மறுபக்கத்தால் வாங்குவதற்குத் தயாபரன் போட்டைத் திருப்பினான். அதுவரை தொய்ந்து கிடந்த பக்கத்துக் கம்பியில் இப்போது பாரம் ஏறவேண்டும். ஏற அங்கே ஒன்றும் இல்லை. நூல் கட்டாத கொக்கி எப்போதோ திறந்து கழன்றிருந்தது. பாயின் கயிற்றை எடுக்கக் கிருசாந்தன் குனிந்திருந்தான், மரம் விழுந்த பக்கத்தில். தயாபரன் பலகையால் வலித்து அவனைக் கரைக்குக் கொண்டுவந்தான். கொண்டுவரும்போதே உயிர் இல்லை.

(தலையில் எங்கே பட்டது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

மரண விசாரணையில், கொக்கி வாங்கியது யார் என்று கேட்டார்கள்.

"என்ர தங்கச்சி," என்றான் தயாபரன். "கடைக்காரர் வேண்டாமெண்டும் சொன்னவராம்."

நூலைப் பற்றி அவன் சொல்லவில்லை. நாள்தோறும் அவள் வந்து கட்டியதையும், அன்று அவள் வராததைக் கண்டும் மரத்தை நாட்டியது தானே என்பதையும் சொல்லவில்லை. ராஜினி பின் வரிசை வாங்கில் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. அன்று பின்னேரமே அது ஊரில் "ராஜினியின்ர கொக்கி" ஆகிவிட்டது. கொஞ்ச நாளில் மண்ணெண்ணெய் வந்தது. தயாபரன் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு தொழிலுக்குப் போனான்.

6.

முதல் பிரதியில் தயாபரனை நான் கெட்டவனாக எழுதினேன். பிறகு அவனைப் போய்ப் பார்த்தேன். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். எழும்பி எனக்கு இருக்கக் கதிரை எடுத்துப் போட்டான்.

"நான் சொன்னதில பொய் என்ன இருக்கு, அக்கா?"

"பொய் இல்லை."

"அப்ப என்ன எழுதப்போறியள்?"

வீட்டுக்கு வந்தேன். அவன் விசாரணையில் எழுந்து, "நூல் கட்டியிருக்கோ எண்டு நான் பாத்திருக்கவேணும்" என்று சொல்வதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். நல்ல வசனம். அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

7.

கதையைக் கொண்டுபோய் ராஜினிக்கு வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவள், கொக்கி வாங்குகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அக்கா, அதில சக்கிள் வாங்கினதெண்டு போடுங்கோவன்."

"போட்டால் அவர் கடலுக்குப் போகமாட்டார், ராஜினி. கொண்ணை வேறை ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். இவர் வீட்டில இருப்பார்."

"ஓம்."

"இருந்து உங்களோட நெடுகச் சண்டை பிடிப்பார்."

"ஓம். அதைத்தான் எழுதுங்கோ. எனக்கு அது காணும். அவ்வளவும் போதும்."

எழுதத் தொடங்கியிருக்கிறேன்:

கிருசாந்தன் சக்கிளைத் தூக்கிக் குசினி அடுப்படிச் சுவரில் எறிந்தான். "உன்னை ஆர் இதை வாங்கச் சொன்னது? என்னை வீட்டில கட்டிப்போடத்தானே வாங்கினனி?"

"ஓம்," என்றாள் ராஜினி. "அதுக்குத்தான்."

"கொண்ணையும் நீயும் சேந்து…"

இதில் நிற்கிறது. சமாதானமாக்கினால் கதை முடிந்துவிடும், முடிந்தால் அவன் திரும்பவும் இல்லாமல் போய்விடுவான். நீங்கள் இதைத் தொடர்ந்து எழுதுவதானால் ஒன்றுதான் கேட்கிறேன். அவன் கத்தட்டும், அவளும் விடாமல் கத்தட்டும். யாரையும் மன்னிப்புக் கேட்கவிடாதீர்கள்.