நடுவில் யாரும் இல்லை

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஆப் கம்பெனிக்காரன் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறான் என்று அவனுக்கு ஒரே எரிச்சல். இருந்த மெசேஜ் ஆப் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, என் போனிலும் அவன் போனிலும் மட்டும் ஏதோ ஒரு புது ஆப்பை ஏற்றினான்.

"நடுவுல எவனும் இல்லக்கா. என் போன்லேர்ந்து நேரா உன் போனுக்கு."

"என் போன் ஆஃப்ல இருந்தா?"

"என் போன்லயே காத்துக்கிட்டிருக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல ஆன்ல இருந்தாத்தான் வரும்."

"ஆமா, பெரிய ராணுவ ரகசியம் பாரு!" என்று சிரித்தேன். நான் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் முடியும்வரை என் போன் அணைந்து லாக்கரில்தான் கிடக்கும்.

கட்டி முடியாத ஒரு கட்டடத்தில், லிஃப்ட் குழிக்குள் விழுந்து அவன் செத்தான். போன் கிடைக்கவில்லை. விழுந்த உடனே உயிர் போயிருக்கும் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா மறுபடி சாப்பிட்டாள், தூங்கினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "எம்புள்ளைக்கு வலியே தெரியல" என்றாள்.

மாதங்கள் ஓடின. ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மாவும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். என் போன் அதிர்ந்தது. 'தம்பி' என்பதற்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. போனை எடுத்துப் படித்தேன்.

'அக்கா, குழில விழுந்துட்டேன். கால் அசையல. யாரையாவது அனுப்பு.'

'கத்துறேன், யாருக்கும் கேக்கல. டவர் இல்ல. வைஃபை வந்து வந்து போவுது.'

'ஸ்கேன் ரூம்லயா இருக்க? சீக்கிரம் பாருக்கா.'

'இப்போ வலி இல்ல. தூக்கம் வருது.'

அன்று நான் லாக்கரைத் திறந்தபோது அவன் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும். பாவி, வேறொரு ஆப்பையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா?

அதற்குள் அவனோடு வேலை பார்த்தவன் கூப்பிட்டான். அவன் பேசியது பக்கத்திலிருந்த அம்மாவுக்கும் கேட்டது. "அக்கா, குழியச் சுத்தம் பண்றப்போ அவன் போன் இடுக்குல கெடந்துச்சு. சார்ஜ் போட்டேன், ஆன் ஆயிடுச்சு. கொண்டாந்து தரட்டா?"

"மொதல்ல அத ஆஃப் பண்ணுடா!" என்று கத்தினேன். பச்சைப் புள்ளி மறைந்தது.

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அவன் போனா? அதுலேர்ந்துதான் உனக்கு வந்துச்சா? என்னடி எழுதியிருக்கான்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. இருந்ததில் அவளைக் கொல்லாத ஒன்றை மட்டும் தேடி எடுத்தேன்.

"வலி இல்லன்னு எழுதியிருக்கான்மா."

அம்மாவின் முகம் தெளிந்தது. ஏதோ சொல்ல வந்தவள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"விழுந்தப்புறமா எழுதினான்?"