அக்காவின் குரல் இருந்த டிஸ்க்

அக்கா வீட்டில் எந்த வேலையையும் அடுத்தவர் செய்தால் மாமாவுக்குப் பிடிக்காது. குழாய் ஒழுகினாலும் அவரேதான், மின்விசிறி நின்றாலும் அவரேதான். அதனால் கம்ப்யூட்டரில் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் புது எஸ்எஸ்டி போடுகிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரோடு அவரே வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பழைய டிஸ்க்கில் அக்காவின் குரல் இருந்தது. புற்றுநோய், குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், ஆபரேஷனுக்கு முன்பு அக்கா மைக் முன்னால் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்தாள். அவற்றை அனுப்பினால், அவள் போனில் தட்டுவதை அவள் குரலிலேயே பேசிக் காட்டும்படி ஒரு கம்பெனி செய்து தரும். இப்போது ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி ஒரு சொல்லைக்கூட மறுபடி பதிய வழியில்லை. டிஸ்க்கோ கரகரவென்று சத்தம் போட்டு, அனுப்பும்போதெல்லாம் பாதியில் நின்றது.

"மாமா, முதல்ல அந்த ஃபோல்டரை மட்டுமாவது பென்டிரைவ்ல எடுத்து வைங்க."

"அதுவும்தான் பாதியில நிக்குதே. மொத்தமா புதுசுக்கு மாத்திட்டா தலைவலி விட்டுச்சு. நீ டார்ச்சை நேரா பிடி, புத்தி சொல்றதெல்லாம் அப்புறம்."

பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். சுவரோரக் கட்டிலில் அக்கா சாய்ந்திருந்தாள். மூக்கில் குழாய், பக்கத்து ஸ்டாண்டில் தொங்கும் பையிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அங்கிருந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரை நேராகத் தெரியும்.

மாமா பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிப் புதியதில் மாட்டினார். பழையதை இன்னொரு கேபிளில் செருகினார்.

"புதுசா வந்தவரை முன்னாடி உட்கார வைக்கணும்ல!" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

கம்ப்யூட்டரைப் போட்டு, பென்டிரைவிலிருந்து காப்பி எடுக்கும் மென்பொருளைத் திறந்தார். கீழே விழுந்த ஒரு திருகாணியைத் தேடி நான் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். "ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு" என்று அவர் முணுமுணுப்பது கேட்டது.

"ரெண்டுல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும், சம்மதமான்னு கேக்குது. இது எப்பவும் கேக்கறதுதான்." மவுஸ் சொடுக்கியது.

கட்டிலிலிருந்து கைதட்டல் கேட்டது.

"பாத்தியா, உங்க அக்காவுக்கு இப்பதான் புருஷனோட அருமை தெரியுது!" மாமா திரும்பாமலேயே தலையைக் குனிந்து வணக்கம் வைத்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைதட்டல் வேகமெடுத்தது. "போதும்மா, கண்ணு பட்டுடப் போகுது" என்றார்.

பிறகு ஸ்டாண்டு தடாலென்று விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் அக்கா சுவரோரம் குப்புறக் கிடக்கிறாள், கையில் கம்ப்யூட்டரின் பிளக். தரையெல்லாம் பால். திரை கறுத்துப்போயிருந்தது.

"பைத்தியமா உனக்கு? ஓடறப்ப கரண்டைப் பிடுங்கினா எல்லாம் போயிடும்!" என்று மாமா கத்தினார்.

அக்கா கிடந்தபடியே போனில் தட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். 'ஒண்ணு காலி. ரெண்டுலதான் நான் இருக்கேன்.'

முன்பு ஒன்று என்றிருந்தது பழைய டிஸ்க். கேபிளை மாற்றியதும் புதியது ஒன்றாகிவிட்டது. இந்த மனிதர் வெற்று டிஸ்க்கை எடுத்து அக்காவின் மேல் எழுதிக்கொண்டிருந்தார். மாமாவின் முகம் வெளுத்துப்போனது. பிளக்கை வாங்க அவர் கை நீட்டியபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"தொடாதீங்க மாமா! இனிமே எதையும் தொடாதீங்க!"

டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, பழுதுபார்க்கும் கடைக்கு நானே கொண்டு ஓடினேன். கடைக்காரர் அதை ஒரு கருவியில் மாட்டிவிட்டு, எதுவும் சொல்ல முடியாது, காத்திருங்கள் என்றார். பின்னாலேயே வந்த மாமா வாசற்படியில் உட்கார்ந்து, அந்த ஆபரேஷனுக்கு அவளைச் சம்மதிக்க வைத்ததும் நான்தானே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் உள்ளே போய்க் கருவியின் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"முன்பக்கம் இருந்ததெல்லாம் போச்சு. ரெக்கார்டிங் உள்ள தள்ளி இருந்ததால தப்பிச்சுது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா அதுவும் மிஞ்சியிருக்காது" என்று இருட்டிய பிறகு சொன்னார் கடைக்காரர். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கம்பெனியிலிருந்து குரல் வந்த அன்று அக்காவின் கட்டிலருகே நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். முதல் வார்த்தை தன் பெயராகத்தான் இருக்கும் என்று அவருக்கு நினைப்பு. அக்கா நிதானமாகத் தட்டி, போனை மடியில் வைத்தாள்.

"கூப்பிட்டேன். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

அச்சு அசல் அக்காவின் குரல். கோபம் மட்டும் அதில் இல்லை. கோபமாகப் பேசும் வாக்கியம் எதையும் அவளை வாசிக்கச் சொல்லியிருக்கவில்லை.